ஐந்தாம் மையத்து வீடு

பேச்சியம்மாள் நினைவுத் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பறைக்கு நான்கு மூலைகள் இருந்தன. இதில் ஏதோ குறை இருப்பதாகப் புகழேந்தி வாத்தியாருக்கு இத்தனை வருட சர்வீஸில் ஒருநாளும் தோன்றியதில்லை. கற்றல் மைய மேம்பாட்டு இயக்ககத்தின் சுற்றறிக்கை வந்த பிறகுதான், ஒரு வகுப்பறைக்கு எட்டு மூலைகள் வேண்டும் என்பதும், நான்கை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டியது பச்சைப் பிள்ளைகளுக்குச் செய்த துரோகம் என்பதும் அவருக்குத் தெரியவந்தது.

பள்ளி சைதாப்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆற்று வாடை அடிக்கும் தெருவில் இருக்கிறது. சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், நிர்வாகம் தனியார். அந்தத் தனியார், தி. நகரில் ஐந்து மாடிக்குப் பாத்திரக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரம் அண்ணாச்சி. பேச்சியம்மாள் அவரைப் பெற்றவர். பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து வருகிறவர்கள். நல்ல பிள்ளைகள். சத்தம் போடுவார்கள், அடித்துக்கொள்வார்கள், மதியச் சாப்பாடு முடிந்ததும் சாய்ந்து தூங்குவார்கள். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தவே மையங்கள் வந்தன.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பயிற்சி கொடுத்தவர் இயக்ககத்தின் ஆலோசகரான கீர்த்தி என்ற இளம்பெண். அடையாறில் வீடு, படித்தது எங்கெங்கோ. இனி ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார், நடத்தக் கூடாது என்று அவர் முதலிலேயே தெளிவுபடுத்தினார். வகுப்பில் எட்டு மையங்கள் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொரு மையத்திலும் பத்து நிமிடம் இருப்பார்கள். மணி அடிக்கும். உடனே கடிகாரச் சுற்றில் அடுத்த மையத்துக்கு நகர்வார்கள். நகர்ந்துகொண்டே இருந்தால் அறிவு தானாக ஊறும். புகழேந்தி எழுந்து, தன் வகுப்பில் நான்கு மூலைதான் இருக்கிறது, அதிலும் ஒன்றில் இரும்பு பீரோ நிற்கிறது என்றார்.

"சார், மூலைங்கிறது செவத்துல இல்ல. அது ஒரு மைண்ட்செட்" என்றார் கீர்த்தி.

மண்டபமே கை தட்டியது. புகழேந்தியும் தட்டினார். பீரோவை என்ன செய்வது என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பிப் போருக்குக் கிளம்புகிறவர் மாதிரி வேலையில் இறங்கினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் இறங்கியது சார்ட் பேப்பரிலும் பசையிலும். படிப்பு மையம், கணக்கு மையம், அறிவியல் மையம், கலை மையம், வீட்டு மையம், போக்குவரத்து மையம், நீர் மையம், அமைதி மையம் என்று எட்டும் எழும்பின. அறிவியல் மையத்தின் எரிமலையை வைக்க வேறு இடமில்லாததால் கரும்பலகை அதற்குப் பின்னால் மறைந்தது. பள்ளிக் குழாயில் தண்ணீர் வராததால் நீர் மையத்தில் நீலத் துணி விரிக்கப்பட்டது. போக்குவரத்து மையத்தில் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு பஸ் செய்தார். அமைதி மையம் புதுமையானது. கோபமோ துக்கமோ வருகிற பிள்ளை அங்கே பாயில் உட்கார்ந்து, ஜிகினாத்தூள் மிதக்கும் ஒரு பாட்டிலைக் குலுக்கி, தூள் அடியில் படியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தூள் படிந்தால் துக்கமும் படிந்ததாகக் கணக்கு. ஆசிரியரின் மேஜை வராண்டாவுக்குப் போனது. பிள்ளைகள் எங்கே உட்காருவது என்பதைப் பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை.

இடறியது ஐந்தாம் மையமான வீடு. பிள்ளைகள் குடும்பம் நடத்தி விளையாடி வாழ்க்கைத் திறன் பெறுகிற இடம் அது. அடுப்பு வேண்டும், பாத்திரங்கள் வேண்டும், நாற்காலி வேண்டும். நிதி கிடையாது. புகழேந்திக்கு இதில் சிக்கல் ஏதும் இருக்காது என்று தோன்றியது, பள்ளியை நடத்துகிறவரே பாத்திரக்கடைக்காரர் ஆயிற்றே. தி. நகருக்குப் போய், பண்டிகைக் கூட்டத்தில் இடிபட்டு, மூன்றாம் மாடியில் அண்ணாச்சியைப் பிடித்தார்.

"வாத்தியாரய்யா, நான் என் கடையிலேருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடுத்தாலும் அது அண்ணாச்சி பள்ளிக்கூடம்னு ஆயிரும். அது சமுதாயத்தோட பள்ளிக்கூடம்லா? சமுதாயம் குடுக்கட்டும். நான் குறுக்க நிக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி. அவர் தலைக்கு மேலே கூரைவரை குக்கர்கள் அடுக்கியிருந்தன.

அந்த வாரம்தான் ஆற்றங்கரையை அழகுபடுத்தும் வேலை தொடங்கியது. அழகுக்கு இடைஞ்சலாக இருந்தவை வீடுகள். ஆகவே இயந்திரங்கள் முதலில் வீடுகளிடம் வந்தன.

சொர்ணம் ஒரு மீன்பாடி வண்டியில் தன் குடித்தனம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தாள். அடையாறில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறவள். புருஷன் டில்லிபாபு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். மகள் நிஷா புகழேந்தியின் வகுப்பில் படித்தாள். படித்தாள் என்றால், எழுத்துக் கூட்டுவதை இப்போதுதான் பிடித்திருந்தாள். கரும்பலகை மறைந்ததும் அது அப்படியே நின்றுபோயிருந்தது.

"வூட்ட இடிச்சுகினு கீறாங்க சார். பெரும்பாக்கத்துல ஆறாவது மாடி தர்றாங்களாம், லாரி என்னிக்கி வரும்னு சொல்ல மாட்டேன்றாங்க. நாத்தனா வூடு திருவல்லிக்கேணில ஒரே ரூமு. நாங்க போய் ஒண்டிக்குவோம், சாமான எங்க வைக்கறது. மழ வேற வர்றா மாரி கீது. இங்க ஒரு ஓரமா வச்சுக்கங்க சார், லாரி வந்தா எடுத்துக்கறேன்."

புகழேந்திக்கு மனம் இளகிவிட்டது. அவர் இளகிய மனசுக்காரர். அது வேறு எங்கும் பயன்படாததால் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும்தான் செலவாகும்.

"வச்சுட்டுப் போம்மா. லாரி வந்தா எடுத்துக்கலாம். ஒரு ஸ்பூன்கூடக் குறையாது. நான் பொறுப்பு" என்றார்.

வகுப்பில் காலியாக இருந்த ஒரே இடம் ஐந்தாம் மையம். அங்கேதான் எல்லாம் இறங்கின. நிஷா யாரும் சொல்லாமலே அடுக்க ஆரம்பித்தாள். வீட்டில் எது எங்கே இருந்ததோ அது அங்கே. இரட்டை அடுப்பு இடப்பக்கம், அதன் கீழே சிலிண்டர், தண்ணீர்க் குடம் வலப்பக்கம், நீல பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம், ஸ்டீல் டப்பாக்கள் பெரிதிலிருந்து சிறிதாக, ஆணியில் அங்காளம்மன் படம். கடைசியாக, அவள் பெயர் வெட்டிய பால் டம்ளரைக் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். சரியாக வந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் கீர்த்தி பார்வையிட வந்தார். ஏழு மையங்களையும் ஒரு பார்வையில் கடந்து ஐந்தாம் மையத்தின் முன்னால் மண்டியிட்டுவிட்டார். குண்டானின் அடியைத் தடவி, விரலில் ஒட்டிய கரியை வெளிச்சத்தில் பார்த்தார்.

"சார், எத்தனை ஸ்கூல் பாத்திருப்பேன். எல்லாரும் பிளாஸ்டிக் பொம்மை அடுப்பு வாங்கி வைப்பாங்க. இங்க ஒரு வாழ்க்கையே இருக்கு. இந்தக் கரியெல்லாம் செட் பண்ணவே முடியாது."

புகழேந்தி விஷயத்தைச் சொன்னார். இது ஒரு குடும்பத்தின் சாமான், வீடு இடிபட்டதால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். கீர்த்தி கண் கலங்கக் கேட்டுக்கொண்டார். தன் வீடே போன நேரத்திலும் ஒரு தாய் வகுப்பறைக்கு வீடு கொடுத்திருக்கிறாள் என்று அன்று மாலையே இயக்ககத்துக்கு எழுதி, நாற்பது புகைப்படங்களையும் அனுப்பிவிட்டார்.

புகைப்படங்கள் மேலே போயின. உத்தரவு கீழே வந்தது. இயக்குநர் நேரில் வருகிறார், குழுவோடு வருகிறார். தலைமையாசிரியை பங்கஜம் அம்மாள் மயிலாப்பூர்க்காரர், எதையும் முறைப்படி செய்கிறவர். முறைப்படி முதல் வேலையாகப் பெயிண்டரை வரவழைத்தார்.

"இதோ பாருங்கோ, பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு சாமான் இருந்தா அதுக்கு நம்பர் இருக்கணும். நம்பர் இல்லேன்னா ஆடிட்ல என்னைக் கேப்பா. போட்டுட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா."

அது அவர்களுடைய சாமான் மேடம் என்றார் புகழேந்தி.

"யாரு இல்லேன்னா? நம்பர்தானே போடறோம், தூக்கிண்டா போறோம்?"

அடுப்பின் நெற்றியில், குக்கரின் வயிற்றில், நாற்காலியின் முதுகில், குடத்தின் கழுத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஏறியது. பே.நி.தொ.ப., அதன் கீழே வீ.மை., அதன் கீழே எண். அங்காளம்மன் படத்தின் கண்ணாடியில் எழுதும்போது மட்டும் பெயிண்டர் செருப்பைக் கழற்றினார். டம்ளருக்கு வரிசையில் கடைசி எண் விழுந்தது. சிலிண்டருக்கு மட்டும் எண் போடவில்லை. குழந்தைகள் புழங்கும் இடத்தில் சிலிண்டர் ஆபத்து என்பதால் அதை உடனே உரியவரிடம் ஒப்படைக்கச் சொன்னார் பங்கஜம் அம்மாள். பாதுகாப்பு விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

சிலிண்டரை எடுத்துப்போக வந்த சொர்ணம் மற்றவற்றையும் எடுத்துக்கொள்ளத்தான் வண்டியோடு வந்திருந்தாள். வியாழக்கிழமை உச்சிவேளைக்கு லாரி என்று சொல்லிவிட்டார்களாம். வாசலில் நின்றபடியே வெள்ளை எண்களைப் பார்த்தாள். தன் அடுப்பைத் தனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை போல, கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

எண் போட்ட சாமான் வெளியே போக ஒரு வழி இருக்கிறது என்று பங்கஜம் அம்மாள் பொறுமையாக விளக்கினார். உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று கழித்துக்கட்ட வேண்டும். அதற்குச் சாமான் உடைந்திருக்க வேண்டும். சொர்ணம் அப்படியானால் இப்போதே உடைத்துவிடுகிறேன், ஒட்டவைத்துக்கொள்கிறேன் என்றாள். பள்ளிச் சொத்தை உடைத்தால் போலீசுக்கு எழுத வேண்டிவரும் என்று பங்கஜம் அம்மாள் வருத்தத்தோடு தெரிவித்தார். நிஜமாகவே வருத்தம்தான், அவர் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவர் இல்லை.

சொர்ணம் குண்டானைத் தூக்கித் திருப்பி, விளிம்பைக் காட்டினாள். ‘சொர்ணம் டில்லிபாபு’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கியபோது கடையிலேயே வெட்டிக்கொடுத்தது.

"எம் பேரு கீது பாருங்கம்மா. இதுக்கு மேல இன்னா வேணும்?"

பங்கஜம் அம்மாளின் முகம் தெளிந்தது. அதுவரை அவருக்கும் உள்ளுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

"அதான் பேரே போட்டிருக்கே. அப்புறம் என்ன சந்தேகம்? உபயம்."

நம் ஊரில் ஒரு பொதுக் கட்டடத்துக்குள் இருக்கும் பொருளில் பெயர் எழுதியிருந்தால் அதைக் கொடுத்தவர் பெயர் அது. வைத்திருப்பவர் பெயரை யாராவது எழுதுவார்களா. கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைப்பது உபயதாரர் பெயர்தான். அதே வகுப்பறையின் மின்விசிறியில், ஒவ்வொரு இறக்கையிலும் அண்ணாச்சியின் பெயர் சுற்றிக்கொண்டிருந்தது. சொர்ணத்திடம் இருந்த ஒரே சாட்சி அந்த நிமிடத்தில் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

அவள் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். மைய அலங்காரத்துக்காக வந்திருந்த கீர்த்தி ஓடிவந்து தோளில் கை வைத்து, அக்கா அக்கா என்று அன்பாகப் பேசி, அவளை எட்டாம் மையத்துக்கு அழைத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்தார். கையில் ஜிகினா பாட்டிலைக் கொடுத்து, குலுக்கிவிட்டு மூச்சை மெதுவாக விடச் சொன்னார். சொர்ணத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய இடத்துப் பெண் சொல்கிறதே என்று குலுக்கினாள். தூள் சுழன்றது. பாதி படிவதற்குள், அடையாறில் மாலைச் சமையலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து சிலிண்டரோடு போனாள்.

புகழேந்தி ஏன் அங்கேயே அடுப்பைத் தூக்கி வண்டியில் வைக்கவில்லை என்று கேட்கலாம். பயம்தான், வேறென்ன. ஆற்றோரப் பிள்ளைகள் போய்விட்டால் பள்ளியில் எண்ணிக்கை குறையும். குறைந்தால் ஒரு வாத்தியார் உபரி. யார் உபரி என்று எழுதும் பேனா அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவர் கலை மையத்தில் ஒரு சார்ட்டை நேராக ஒட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அது நேராகத்தான் இருந்தது.

ஒத்திகை தொடங்கியது. வீட்டு மையத்தில் நான்கு வேடங்கள்: அம்மா, அப்பா, பிள்ளை, விருந்தாளி. யாருக்கும் ஒரே வேடம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் சீட்டுக் குலுக்கினார்கள். நிஷாவுக்கு விருந்தாளி விழுந்தது. அவள் கதவைத் தட்டுவதுபோலக் காற்றில் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டு, நீல நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா வேடம் போட்ட மஹ்விஷ் கொடுக்கும் டம்ளரில் இல்லாத காப்பியைக் குடித்து, நன்றி சொல்லி, மணி அடித்ததும் எழுந்து போக வேண்டும். முதல் நாள் நன்றாகவே செய்தாள். தன் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, பழக்கத்தில் அதைக் கழுவி வைக்க எழுந்தாள். விருந்தாளி டம்ளர் கழுவக் கூடாது என்று கீர்த்தி திருத்தினார்.

கடைசி ஒத்திகைக்கு அண்ணாச்சியே வந்தார். புகழேந்தி அவரைத் தனியாகப் பிடித்து, வராண்டாவில் கிடந்த தன் மேஜையருகே நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். அந்த வருடத்தில் அவர் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது. அண்ணாச்சி குண்டானைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தைப் பார்த்தார்.

"நம்ம கடை வெட்டுல்லா இது. ‘ர்’ மேல புள்ளி பாத்தாலே தெரியும். அந்தக் காலத்துல வெட்டினது, இன்னும் அழியல பாத்தீரா." அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அந்தப் பொம்பளைட்ட சொல்லுங்க, வயித்துல அடிச்சுத் திங்கிற ஆளு நான் இல்ல. நாளைக்குக் குழு வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்பறம் அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க. லாரிக்கு முன்னால முடிஞ்சிரும். நான் சொல்லுதேன்."

புகழேந்திக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அன்றே சொர்ணத்துக்குப் போன் செய்து, நாளைக் காலையில் வண்டியோடு வாம்மா, எல்லாம் சரியாகிவிட்டது என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கடையிலிருந்து மெஷினோடு ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருந்தான். குழு பார்க்கும்போது குறையாக இருக்கக் கூடாதே என்று, ஒவ்வொரு பாத்திரத்திலும் சொர்ணத்தின் பெயருக்கு மேலே ‘உபயம்’ என்று வெட்டச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. கூலி வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை குழு தாமதமாகத்தான் வந்தது. சொர்ணம் வண்டியோடு காலையிலிருந்தே வாசலில் காத்திருந்தாள். டில்லிபாபு ஆற்றங்கரையில், லாரி வரும் இடத்தில், சிலிண்டர் மேல் உட்கார்ந்திருந்தான். இயக்குநர் மாலை வாங்கிக்கொண்டு, குத்துவிளக்கேற்றி, பேசினார். குழந்தை ஓரிடத்தில் தேங்கி நிற்பதுதான் கல்விக்கு முதல் எதிரி என்றார். நகர்வே வளர்ச்சி என்றார். ஒரு பிள்ளை எந்த மையத்தையும் தன்னுடையது என்று நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல ஆசிரியரின் கடமை என்றார். பேச்சு முடிய உச்சிவேளை நெருங்கிவிட்டது.

மணி அடித்தது. பிள்ளைகள் மையங்களுக்குப் போனார்கள். நிஷா கதவைத் தட்டவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. நேரே போய் அடுப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குடத்தின் மேலிருந்த டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மஹ்விஷ் அம்மாவாக இருப்பதை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பத்து நிமிடம் கழித்து மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் கடிகாரச் சுற்றில் நகர்ந்தார்கள். நிஷா எழவில்லை. மணியை இன்னொரு தரம் அடித்தார்கள். நகராத பிள்ளையால் நகர்ந்த பிள்ளைகளுக்கு இடமில்லாமல் நான்காம் மையத்தில் நெரிசல் ஏற்பட்டது.

"ஏம்மா எந்திரிக்கல?" என்று கேட்டார் இயக்குநர், குனிந்து.

"இது எங்க வூடு."

இயக்குநர் நிமிர்ந்து குழுவைப் பார்த்தார். "பாருங்க, குழந்தை பாத்திரமாவே மாறிடுச்சு. இதைத்தான் நான் பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்." குழுவில் இருவர் குறித்துக்கொண்டார்கள். ஆனாலும் நகர்வு நகர்வுதானே என்று அவர் சேர்த்துச் சொன்னார்.

கீர்த்தி புகழேந்தியின் காதருகே வந்து, ட்ரான்ஸிஷன் ட்ரான்ஸிஷன் என்றார். பங்கஜம் அம்மாள் கையைப் பிசைந்தார். அண்ணாச்சி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார். புகழேந்தி போய் நிஷாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"எந்திரி கண்ணு. கொஞ்ச நேரம்தான். அவங்க போனதும் எல்லாம் எடுத்துக்கலாம்."

"நீங்கதான சார் சொன்னீங்க, லாரி வந்தா எடுத்துக்கலாம்னு. லாரி வந்துச்சு. ஆரன் கேக்குது பாருங்க."

கேட்டது. அவருக்கும் கேட்டது. அவர் இரண்டு கைகளையும் அவள் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினார். அவள் உதைக்கவில்லை, கத்தவில்லை. முந்தின வாரம் ஆற்றங்கரையில் தன் அம்மாவை ஒரு பெண் போலீஸ் இப்படித்தான் தூக்கினதை அவள் பார்த்திருந்தாள். கத்தினாலும் தூக்குவார்கள் என்று தெரிந்திருந்தது. புகழேந்தி அவளைக் கொண்டுபோய் ஆறாம் மையத்தில், அட்டைப்பெட்டி பஸ்ஸில் உட்காரவைத்தார். அறை முழுவதும் கை தட்டியது.

இயக்குநர் பஸ்ஸின் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "பஸ் எங்க போகுது பாப்பா?"

"பெரும்பாக்கம்."

"லோக்கல் ஜியாகிரபிகூட எவ்வளவு நல்லா வருது பாருங்க" என்றார் அவர்.

பிறகு வாசலில் நின்ற சொர்ணத்தை உள்ளே அழைத்தார்கள். எடுத்துப்போகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக வந்தாள். மேடையில் ஏற்றி, வகுப்பறைக்கே தன் வீட்டை வழங்கிய தாய் என்று அறிவித்து, பொன்னாடை போர்த்தினார்கள். கையெழுத்து ஒன்று வாங்கினார்கள். கையோடு இயக்குநர் இன்னொன்றும் அறிவித்தார். இது இனி மாநில முன்மாதிரி வகுப்பறை. எல்லா மாவட்டத்து ஆசிரியர்களும் வந்து பார்க்கும்வரை இங்கே ஓர் ஆணிகூட இடம் மாறக் கூடாது. கை தட்டல் அடங்க நேரமாயிற்று.

புகழேந்தி அண்ணாச்சியிடம் ஓடினார்.

"நான் சொன்னது குழு போனப்பறம்னுதான். அதுக்குள்ள அவரு ஆர்டர் போட்டுட்டாருல்லா. கவர்மென்ட் ஆர்டருக்கு மேல நான் யாரு, வாத்தியாரய்யா?" என்றார் அண்ணாச்சி. காரில் ஏறும்போது ஏதோ நினைவு வந்தவராய்க் கண்ணாடியை இறக்கி, அந்தப் பொம்பளையைக் கடைக்கு வரச் சொல்லுங்க, புதுசு எடுத்தா தள்ளுபடி போட்டுத் தரச் சொல்லுதேன் என்றார்.

சொர்ணம் சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று புகழேந்தி எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தால் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள் பொன்னாடையைக் கழற்றாமலே ஐந்தாம் மையத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள்.

"ஒரு ஸ்பூன் கொறையாதுன்னீங்களே சார். கரீட்டுதான். ஒண்ணும் கொறையல, எல்லாம் இங்கியே கீது."

நிஷா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். பையின் ஜிப் திறந்திருந்தது. உள்ளே புத்தகங்களுக்கு நடுவே வெள்ளைப் பெயிண்ட் எழுத்து தெரிந்தது. புகழேந்தி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஜிப்பைப் பிடித்து இழுத்து மூடிவிட்டார். காலி வண்டி முன்னால் போக, தாயும் மகளும் லாரிச் சத்தம் வந்த திசையில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவர் வராண்டாவில், தன் மேஜையருகே நின்று அழுதார். எட்டாம் மையத்துக்குப் போகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பறையைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆசிரியர்கள் வந்தார்கள். மையங்கள் கலையாமலிருக்கப் பிள்ளைகளை வராண்டாவுக்கு மாற்றினார்கள். எண்ணிக்கை பாதியாகிவிட்டதால் இடம் போதுமானதாக இருந்தது. ஐந்தாம் மையத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். குண்டானின் கரி மங்கத் தொடங்கியபோது கீர்த்தி கவலைப்பட்டு, மாதம் ஒருமுறை விளக்குப் புகையைக் காட்ட ஏற்பாடு செய்தார்.

ஆண்டுத் தணிக்கையில் கடைசி எண்ணுள்ள டம்ளர் காணவில்லை என்று கண்டுபிடித்தார்கள். பொறுப்பாசிரியரிடம் விளக்கம் கேட்டு இயக்ககத்திலிருந்து குறிப்பாணை வந்தது. பங்கஜம் அம்மாள், எலி தூக்கிண்டு போயிடுத்துன்னு எழுதிடுங்கோ, விட்டுடுவா என்று நல்ல யோசனை சொன்னார். புகழேந்தி ஒரு நாள் முழுக்க யோசித்தார். பயம் விட்டுப்போனதா, பயந்து அலுத்துப்போனதா தெரியவில்லை, உள்ளதை உள்ளபடி ஒரே வரியில் எழுதி அனுப்பினார்: ‘மாணவி நிஷா தன்னுடைய டம்ளரைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டாள்.’

பதில் சீக்கிரமே வந்தது.

‘பார்வையில் காணும் தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. பதிவேட்டின்படி மேற்படி மாணவியின் குடும்பத்தாரது வீடு, தங்கள் வகுப்பறையின் ஐந்தாம் மையத்தில் உள்ளது. அவ்வாறிருக்க, மாணவி அந்த டம்ளரை எந்த வீட்டுக்கு எடுத்துச் சென்றார் என்பதை உரிய ஆதாரத்துடன் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.’